வானம் காட்டிய சைட் கண்ணாடி

கண்ணாடி வெட்டுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, வேலை பழக வந்திருக்கிற பிள்ளைகளே. உங்கள் விரல்களில் விழப்போகிற காயங்கள் அதை ஒழுங்காகச் சொல்லித் தரும். நான் முப்பது வருசத்துக்கு மேல் இந்த வேலை செய்தவள். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாய் அடங்காததற்காக வெளியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தேன். ஆகவே பெரிய புத்தி ஒன்றும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். தாங்கள் செய்த நல்ல வேலைகளைச் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு கள்ள வேலையைச் சொல்கிறேன். அது உங்களுக்கு அதிகம் உதவும்.

என் கடை ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டின் இறக்கத்தில், துறைமுகப் பக்கம் திரும்புகிற மூலையில் இருந்தது. ஒற்றைக் கதவு. சாமிப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த ஒரு வயதானவரிடம் நான் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் நல்ல மனிதர், ஆனால் மூன்று வருசத்தில் என்னோடு இருபது வசனம் பேசியிருப்பார். இருபதும் கண்ணாடியைப் பற்றி. அவர் கண் மங்கியபோது கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். போகும்போது இருபத்தோராவது வசனமாக, "கதவு மழைக்கு இறுகும், தூக்கித் திற," என்றார்.

என் மனுசன் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது அந்த வேலையும் போனது. வேறு கப்பலில் ஆள் எடுக்கிறார்கள் என்று புறப்பட்டார். ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. சுகம் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கடலோடு போனாரா, அல்லது வேறு ஊரில் வேறு ஒருத்தியின் வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறாரா, எனக்குத் தெரியாது. மகளும் கல்யாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். காலையில் அன்புவழிபுரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வருவேன், மாலையில் கடையைப் பூட்டிவிட்டுப் போவேன். ஒரு நாளைக்கு இரண்டு பூட்டு. அவ்வளவுதான் என் நாள்.

கண்ணாடிக் கடையில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. உள்ளே வருகிற சனம் உங்களைப் பார்க்காது. தலையைச் சரிசெய்யும், பல்லைப் பார்க்கும், மூக்கைத் திருப்பிப் பார்க்கும், காசு தந்துவிட்டுப் போகும். அவர்கள் போன பிறகு சுவரெல்லாம் நான் மட்டும் பதினைந்து பேராக உட்கார்ந்திருப்பேன். பதினைந்து பேரும் வாய் மூடியிருப்பார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றது. தின்னுகிற பாணுக்கே வரிசையில் நின்ற காலம், காருக்குச் சைட் கண்ணாடி எங்கே வரும்? ஓடுகிறதெல்லாம் பழைய இங்கிலிஷ் கார். முன் மட்கார்டில் கொம்பு முளைத்த மாதிரி நிற்கிற சைட் கண்ணாடி உடைந்தால் மாற்று இல்லை. அப்போதுதான் ஊர் முழுக்க என்னைக் கண்டுபிடித்தது. உடைந்த அலுமாரிக் கண்ணாடிகளை வாங்கி, காருக்கும் லொறிக்கும் வெட்டிக் கொடுத்தேன். ஒருமுறை அவசரத்தில், மூலையில் ரோசாப்பூக் கீறின ஒரு துண்டை லொறி ஒன்றுக்குப் பூட்டிவிட்டேன். மூன்று நாளில் அந்த டிரைவர் வந்து நின்றார்.

"அக்கா, என்ட பின்னால வாற பஸ்ஸெல்லாம் காதில பூ வச்சுக்கொண்டு வருது."

"கல்யாண முகூர்த்த நாளாக்கும், தம்பி. பாத்து வழி விடுங்கோ," என்றேன்.

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். அந்தக் கதை சீனன்குடாவில் வேலை செய்கிறவர்கள் வரை போய்விட்டது. அன்றிலிருந்து நான் ஊருக்குப் பகிடிக்காரி. இது எனக்குப் பின்னால் எப்படி வினையாக வந்தது என்று சொல்கிறேன்.

காசிம் நானா கிண்ணியா ஆள். வாடகைக்குப் போகிற ஹயர் கார் ஓடினவர். கார் அவருடையது இல்லை, டவுனில் மூன்று கார் வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஒல்லி, எப்போதும் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு கதைப்பார். முதல்முறை அவர் வந்தபோது கண்ணாடி உண்மையாகவே கழன்றுதான் இருந்தது. பழைய றப்பர் உருகிப்போய், கண்ணாடி தகரக் கூட்டுக்குள் கிலுகிலு என்று ஆடியது.

"என்னத்தைப் பாத்து இப்படி நடுங்குது, நானா?"

"ரோட்டைப் பாத்துத்தான், தங்கச்சி. நான் ஓட்டுறதைப் பாத்தோ என்னவோ."

நான் சைக்கிள் ரியூப்பில் நான்கு துண்டு வெட்டி, மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒவ்வொன்று என்று வைத்து இறுக்கினேன். அந்த நேரத்தில் அவர் கதிரையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தபடி, அன்று பாதையில் நடந்த கதையைச் சொன்னார். பாதை என்று நாங்கள் சொல்வது, கிண்ணியாவுக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் வாகனங்களை ஏற்றி இறக்குகிற மிதவையை. பாலம் கிடையாது. பஸ்ஸும் காரும் மாடும் மாப்பிள்ளையும் அதில்தான் கடக்க வேண்டும். அன்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொண்டுபோன கட்டிலில் ஆடு ஒன்று ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்ததாம்.

"பொறகு?"

"பொறகென்ன, ஆட்டோடயே கட்டிலக் கொண்டு போனாங்க. பொண்ணு ஊட்டுல ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க."

நான் சிரித்ததில் ஆணி இறுக்கிக்கொண்டிருந்த திருப்புளி கையிலிருந்து விழுந்தது. அவர் போன பிறகுதான் கவனித்தேன், அந்தக் கடைக்குள் அவ்வளவு நேரம் இன்னொரு குரல் இருந்ததை. எனக்கு என்னுடைய சிரிப்பே பழக்கமில்லாத சத்தமாகக் கேட்டது.

வீட்டில் அவருக்கு மனைவியும் ஆறு பெண் பிள்ளைகளும். "ஏழு பொம்புள, தங்கச்சி. நான் வாயத் திறக்கப் போனா ஏழு வாய் முந்திக்கும். கதைக்கோணும் எண்டா நான் கிண்ணியாவ உட்டு வரோணும்," என்பார். அவரிடம் கதை மிச்சமாக இருந்தது. என்னிடம் காது மிச்சமாக இருந்தது.

இரண்டு கிழமையில் கண்ணாடி மறுபடி ஆடியது. சைக்கிள் ரியூப் மெல்லிசு, குற்றம் என்னுடையது, காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் கண்ணாடியில் ஒரு பிழையும் இல்லாமல் வந்தார். கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி கொண்டுவந்திருந்தார். வாசலில்தான் நின்றார். முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன நானா, இண்டைக்கு என்ன கழண்டது?"

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சட்டியைப் படியில் வைத்துவிட்டு, தொப்பியைக்கூடத் தூக்காமல் போய்விட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. புருசன் எங்கேயென்று தெரியாத ஒருத்தியின் கடையில் ஒரு ஆம்பிளை கதிரையில் இருக்க வேண்டுமென்றால், அவருடைய காரில் ஏதாவது கழன்றிருக்க வேண்டும்.

மூன்றாம் முறை கண்ணாடி ஆடி வந்தபோது நான் லொறி ரியூப் எடுத்து வைத்திருந்தேன். தடிப்பான சாமான், வருசக்கணக்கில் அசையாது. நான்கு துண்டும் வெட்டி, வைத்து இறுக்கினேன். அவர் விரலால் தட்டிப் பார்த்தார். தலையாட்டினார்.

"இனி உங்களுக்குக் கரைச்சல் தர மாட்டன், புள்ள."

அந்த மனிதர் நன்றியாகச் சொன்ன சொல் அது. எனக்குக் கடைக் கதவைச் சாத்தின மாதிரி கேட்டது. "பொறுங்கோ நானா, ஒருக்காப் பாப்பம்," என்று கூட்டை மறுபடி கழற்றினேன். அவர் ஆட்டுக் கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். நான் மேல் துண்டை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கூட்டைப் பூட்டினேன்.

மேல் றப்பர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே கடையில் செய்து பார்க்கலாம். பூட்டிக் கொடுக்கும்போது சரியாகவே இருக்கும். ரோட்டுக் குலுக்கலில் கண்ணாடியின் மேல் விளிம்பு மெல்ல மெல்ல உள்ளே போகும். முகம் நிமிரும். பத்துப் பதினைந்து நாளில் பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் பதிலாக வானத்தைக் காட்டும்.

"கொக்கு பறக்கிறது நல்லாத் தெரியுது, தங்கச்சி. பஸ்தான் தெரியல்ல," என்று வந்து நிற்பார்.

"கொக்குக்கு வழி விட்டீங்களோ?"

"உட்டன், உட்டன். ஹோன் அடிச்சுக்கிட்டுத்தான் போச்சு."

தேத்தண்ணிக் கடையில் யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி கழன்றால் கண்ணாடிக் கடைக்குத்தானே வர வேண்டும்? ஒவ்வொரு முறையும் நான் நான்கு துண்டு வெட்டுவேன். மூன்று வெட்ட என் கைக்குத் தெரியாது, வேலை தெரிந்த கை அப்படித்தான். நான்கு வெட்டி, மூன்றை வைத்து, நான்காவதை மேசையடியில் கிடந்த பழைய பால்மா ரின்னுக்குள் போடுவேன். காசு தர வருவார். "நான் பிழையாப் பூட்டினதுக்கு நீங்கள் என்னத்துக்குக் காசு தாறது?" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இது ஒன்றுதான் அதில் நான் சொன்ன உண்மை. முதல் தரத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு சதம் வாங்கியதில்லை.

இப்படி ஐந்து மாதத்துக்கு மேல் போனது. நடுவில் ஒரு நாள் அவர் முகம் சரியில்லாமல் வந்தார். டவுனில் மாடு ஒன்று குறுக்கே வந்து முன் பம்பர் தட்டுப்பட்டிருக்கிறது. முதலாளி சொல்லியிருக்கிறார்: இன்னும் ஒரு கீறல் விழுந்தால் சாவி தன் மருமகனிடம் போகும். மருமகன் லைசென்ஸ் எடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான்.

"அதுக்குப் பொறகு இந்த வயசுல எனக்கு ஆரு வண்டி தருவா? ஏழு பேரு, தங்கச்சி," என்றார். அன்று கதை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்காவது நான் மேல் றப்பரை வைத்திருக்க வேண்டும். கையில் எடுத்தேன். வைக்கப் போனேன். கண்ணாடி கொஞ்சம் நிமிர்ந்தால் விரலால் தள்ளி நேராக்கிவிடலாம், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரின்னுக்குள் போட்டேன். பிள்ளைகளே, உங்கள் வேலையில் "ஒன்றும் ஆகாது" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிற நேரம் வரும். அந்த நேரத்தில் உங்கள் குரலை நன்றாகக் கேட்டுப் பாருங்கள். அது வேலைக்காரரின் குரலாக இருக்காது.

பிறகு நடந்ததை நான் கண்ணால் காணவில்லை, ஆனால் காசிம் நானா சொன்னதும் முதலாளி சொன்னதும் ஒத்துப்போனது. பாதையின் ஒரு பக்கத்து இறங்கு பலகை உடைந்து கிடந்த நாட்கள் அவை. ஏறின பக்கமாகவே பின்னுக்கு எடுத்து இறங்க வேண்டும். பாதையில் ஏறி இறங்கும்போது சாரதி மட்டும்தான் வண்டிக்குள் இருப்பார், மற்றவர்கள் இறங்கி நிற்பார்கள். அன்று காரின் பின் சீற்றில் கூரை வரைக்கும் பன்பாய்க் கட்டு. பின் கண்ணாடியால் ஒன்றும் தெரியாது. வலப் பக்கம் ஒரு லொறி ஒட்டி நின்றதால் தலையை வெளியில் போடவும் ஏலாது. மிச்சம் இருந்தது வலப் பக்கத்துச் சைட் கண்ணாடி ஒன்றுதான். அதில் பலகையின் விளிம்பைப் பார்த்துப் பார்த்துப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். காரின் பின் சில்லு பலகை மூட்டில் ஏறிக் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் கண்ணாடி நிமிர்ந்தது. பலகை மறைந்து முழுவதும் வானம்.

பிரேக்கை அழுத்துவதற்குள் சில்லு விளிம்பைத் தாண்டிவிட்டது. கார் வயிற்றால் பலகையில் இருந்துகொள்ள, பின்பக்கம் உப்புத் தண்ணிக்குள் தொங்கியது. சனம் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். மட்கார்ட் நெளிந்தது. நானாவின் முழங்கால் அடிபட்டது. பலகைக்கும் தண்ணிக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் வழுகியிருந்தால் அந்த மனிதர் காரோடு தண்ணிக்குள் போயிருப்பார், இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு முகம் இருந்திருக்காது.

அடுத்த நாள் காலை கார் கடை வாசலில் வந்து நின்றது. பின் மட்கார்டில் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. முதலில் இறங்கியவர் முதலாளி, வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாய். அவருக்குப் பின்னால் காசிம் நானா நொண்டிக்கொண்டு இறங்கினார். சாவி முதலாளியின் விரலில் கிடந்து ஆடியது.

"இந்தச் சைட் கண்ணாடி பூட்டுற ஆள் நீங்கள்தானோ?"

"ஓம். ஏன், முகம் வடிவாத் தெரியேல்லையோ?"

வாய்ப் பழக்கம். சொன்ன பிறகுதான் மட்கார்டைச் சரியாகப் பார்த்தேன்.

முதலாளி நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இவன் சொல்றான், கண்ணாடி மேல போச்சாம். நான் சொல்றன், இவன்ட வாய் ஓயாது, பாதைக்காரனோட கதை அளந்துகொண்டு பின்னுக்கு எடுத்திருக்கிறான். நீங்கள் சொல்லுங்கோ. வேலையைச் சரியாச் செய்தனீங்களோ இல்லையோ? சரியாச் செய்தது எண்டா இண்டைக்கே சாவி என்ட மருமகனிட்ட போகுது," என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் காசிம் நானா முந்திக்கொண்டார்.

"தங்கச்சி சரியாத்தான் பூட்டினவ, முதலாளி. அவவச் சொல்லக் கூடாது. ரோட்டுத்தான் சரியில்ல."

அவர் தன் சோற்றில் மண் போட்டு என் வேலையைக் காப்பாற்றினார். ஏசியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சரியாப் பூட்டேல்லை," என்றேன் நான். "மேல் றப்பர் வைக்காமல் பூட்டினனான். தெரிஞ்சுதான் செய்தனான்."

முதலாளி சிரிக்கத் தொடங்கினார். "உங்கட பகிடி ஊருக்கெல்லாம் தெரியும். பஸ்ஸுக்குப் பூ வச்ச ஆளெல்லோ! இவனைக் காப்பாத்தப் பாக்கிறியள். நல்ல மனசு, ஆனா நான் ஏமாற மாட்டன்."

பகிடிக்காரி உண்மை சொன்னால் அதுவும் பகிடிதான். நான் சத்தியம் செய்தாலும் அவர் சிரிப்பார். ஆகவே கதைப்பதை விட்டுவிட்டு, பால்மா ரின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். பதினொரு துண்டு. எல்லாம் ஒரே நீளம், ஒரே வளைவு. காரின் கூட்டைக் கழற்றி அவர் முன் வைத்தேன். கீழே றப்பர் இருந்தது, பக்கங்களில் இருந்தது, மேலே வெறும் தகரம். மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேலே வைத்தேன். அந்த இடத்துக்கென்றே பிறந்த மாதிரிப் பொருந்தியது. இரண்டாவதை வைத்தேன். அதுவும் பொருந்தியது. மூன்றாவதை எடுக்கும்போது முதலாளி சிரிப்பை நிறுத்தினார்.

"பதினொரு தரமா?"

"ஓம்."

"ஏன்?"

பிள்ளைகளே, பிழையை ஒத்துக்கொள்வது நீங்கள் நினைக்கிற அளவு கஷ்டம் இல்லை. அதற்குப் பிறகு வருகிற இந்த "ஏன்" என்ற கேள்விதான் கஷ்டம். உண்மையான பதில் என் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. முதலாளி அதைத் தேத்தண்ணிக் கடையில் சொல்வார். தேத்தண்ணிக் கடை அதை அடுத்த பாதையில் ஏற்றும். அது கிண்ணியாவில் ஏழு பெண்கள் இருக்கிற ஒரு வீட்டில் போய் இறங்கும். அந்த மனிதர் கதிரையில் இருந்து ஆட்டுக் கதை சொன்னதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்? சாவியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அவர் வீட்டை நான் உடைத்தவளாக ஆகியிருப்பேன்.

"காசுக்குத்தான்," என்றேன். "ஒவ்வொரு தரமும் திருத்தக் காசு வருமெல்லே."

முதலாளி உடனே நம்பினார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. காசாசையை நம்பக் கஷ்டப்படுகிற வியாபாரியை நான் கண்டதில்லை.

"கள்ளி," என்றார். பிறகு காசிம் நானாவின் பக்கம் திரும்பினார். "மடையா! பதினொரு தரம் உன்ட கைக்காசையா குடுத்தாய்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லப்படாதோ?"

காசிம் நானாவுக்குத் தெரியும், நான் ஒரு சதம் வாங்கவில்லை என்று. இந்த முழு உலகத்தில் அதை அறிந்த இரண்டு பேர் நானும் அவரும்தான். அவர் மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார், தான் வந்த நாட்களை எண்ணுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். காசுக்கு இல்லையென்றால் எதற்கு என்று அவர் கண்டுபிடித்த அந்த நிமிசத்தை நான் பார்த்தேன். நான் குனிந்துகொண்டேன். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர் அவர். விளையாட்டுக்கும் பொய் சொல்ல மாட்டார், ஆட்டுக் கதை தவிர.

"ஓம், முதலாளி," என்றார். "நான்தான் குடுத்தன்."

சாவி முதலாளியின் விரலிலிருந்து கழன்று அவர் கைக்குப் போனது. "மட்கார்ட் அடிக்கிறதை நான் பாத்துக்கொள்றன். ஆனா இனி என்ட வண்டி மூண்டும் இந்த வாசலுக்கு வரப்படாது. வந்தது எண்டு கேள்விப்பட்டன்..." என்று முதலாளி விரலை நீட்டினார்.

"கடைசியா ஒருக்கா ஒழுங்காப் பூட்டி விடுறன்," என்றேன்.

"காசு தரமாட்டன்."

"கேக்கேல்லை."

அவர் வெளியில் போய் மட்கார்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் நான்கு றப்பரையும் வைத்தேன். வேலை தெரிந்த கை என்று சொன்னேனே, அதற்கு என் மனசைப் பற்றிக் கவலை இல்லை. காசிம் நானா வழக்கமான கதிரையில் இருக்கவில்லை. பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வந்திருப்பனே, தங்கச்சி."

"வந்து? ரோட்டுக்கு என்ன சொல்லுவீங்கள், நானா?"

அவர் வெளியில் பார்த்தார். தேத்தண்ணிக் கடையில் ஆறு பேர் கிளாசைக் கையில் பிடித்தபடி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைத் தூக்கினார், தலையைச் சொறிந்தார், மறுபடி வைத்தார்.

கண்ணாடியைக் காரில் பூட்டினேன். அவர் பெருவிரலால் அதன் மேல் விளிம்பை அழுத்தினார். அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் அசையவில்லை. கொஞ்சமாவது அசையட்டும் என்று அழுத்துகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

"கெட்டியா இருக்கு," என்றார்.

"ஓம், நானா."

போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருசம் போல எனக்கு வேலை குறைவு. முதலாளி சும்மா இருக்கவில்லை, கள்ளி என்ற பெயர் கடைக்கு வந்தது. வருகிறவர்கள் நான் பூட்டின பிறகு என் முன்னாலேயே ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன், அப்போதாவது ஒரு நிமிசம் கூட நின்றார்கள். பிறகு வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டைத் திறந்துவிட்டார்கள், சாமான் வந்தது, கடைகளில் புதுச் சைட் கண்ணாடி பெட்டிக்குள் கிடைத்தது. பெயரும் மறந்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரே ஆள் ஒரே பிழையோடு மூன்றாம் தரம் வந்தால், கண்ணாடியைப் பார்க்க முன்னம் உங்கள் கையைப் பாருங்கள். தனியாக இருப்பது குற்றமில்லை. உங்கள் தனிமையை இன்னொருவருடைய வண்டியில் பூட்டி அனுப்புவதுதான் குற்றம். அவர் அதை நம்பிப் பின்னுக்கு எடுப்பார்.

அந்தக் கார் பிறகும் ஏழு வருசம் ஓர்ஸ் ஹில் இறக்கத்தால் போய் வந்தது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் காண்பேன். அவர் ஹோன் அடிக்க மாட்டார், நான் கை காட்ட மாட்டேன். இறக்கத்தில் வரும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சைட் கண்ணாடியைத்தான் பார்ப்பேன், கொஞ்சமாவது நிமிர்ந்திருக்கிறதா என்று.

என் கையால் பூட்டியதில் ஆகத் திறமான வேலை அதுதான். ஏழு வருசத்தில் ஒரு நாள்கூட அசையவில்லை.